கெவிக்குள் இறங்கியவள்

பின் இன்ஜின் வந்து முட்டிய அதிர்வு ஒவ்வொரு பெட்டியாகக் கடந்து கடைசியில் என் இருக்கைக்கு வந்து சேர்ந்தது, கை தானாக வயிற்றுக்குப் போனது, போன கையை உடனே எடுத்து ஜன்னல் கம்பியில் வைத்துக்கொண்டேன். வண்டி ஓட்டுகிற ஞானதுரை அண்ணாச்சி பார்த்திருக்க மாட்டார். அவர் கண் பிரேக் மீட்டரின் முள்மேல் இருந்தது. குளத்துவாய்தான் சமதரையின் கடைசி ஸ்டேஷன், இதற்கு மேல் மலை, பின்னால் இன்னொரு இன்ஜின் தள்ளாவிட்டால் இந்த ரயில் ஏறாது. வாக்கி டாக்கியில் பின் இன்ஜின்காரர் ஸ்ரீகண்டன் "ரெடியாணு" என்றார். "பின்னால ரெடி அண்ணாச்சி" என்று நான் திருப்பிச் சொன்னேன். என் குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. வயிற்றில் ஒன்று இருப்பது குரலில் தெரியாது போலிருக்கிறது. "என்ன செல்வி, மொகம் வெளுத்துக் கெடக்கு, சாப்பிடலியா?" என்று அண்ணாச்சி முன்னால் பார்த்தபடியே கேட்டார். "சாப்பிட்டேன் அண்ணாச்சி." சாப்பிட்டதை அப்படியே வெளியே விட்டதைச் சொல்லவில்லை. சொல்லாதது ஒன்றா இரண்டா. ரயில் நகர்ந்தது. பிளாட்பாரத்தில் நின்ற வேப்பமரம் பின்னால் போனது, தண்ணீர்த் தொட்டி போனது, ஒரு நாய் போனது, பிறகு பாதை வலப்பக்கம் வளைந்து மலையைப் பார்த்து நிமிர்ந்தது. வெயில் இன்னும் உச்சிக்கு வரவில்லை. நல்ல பகல். பகலில் என்ன பயம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கெவிக்குள் பகலும் கிடையாது இரவும் கிடையாது என்று உடனே இன்னொரு குரல் சொன்னது, அதுவும் என் குரல்தான்.

காலையில் டூட்டி ஆபீசில் ஊதச் சொன்னார்கள், ஊதினேன். குடித்திருந்தால் காட்டிக்கொடுக்கிற கருவி இதைக் காட்டிக்கொடுக்கவில்லை. உடம்பு நன்றாக இருக்கிறதா, தூங்கினீர்களா என்ற இரண்டு கேள்விக்கும் ஆமாம் சொன்னேன், மூன்றாவது கேள்வி அவர்களிடம் இல்லை. உதவி டிரைவராக நான் வழக்கமாக ஓடுவது திருநெல்வேலிப் பக்கத்துச் சமவெளி வண்டி. இன்றைக்கு மலை வண்டிக்கு வரவேண்டிய பையனுக்குக் காய்ச்சல், செல்வி நீ போறியாம்மா என்றார் சூப்பர்வைசர். அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சார், நான் முழுகாம இருக்கேன். முடிந்தது. ரயில்வே டாக்டரைப் பார்க்க அனுப்பி, அன்றைக்கே இன்ஜினிலிருந்து இறக்கி, ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். சட்டம் அப்படி, நல்ல சட்டம்தான். "இந்த வாரமே சொல்லிரு செல்வி" என்று உலகநாதனும் நேற்று சொன்னார். என் வீட்டுக்காரர் எதையும் இரண்டு தடவை சொல்ல மாட்டார், ஒரு தடவை சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், அது இரண்டாவது தடவை. சொல்லுதேன் என்றேன். அவரையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது, அத்தைக்குத் தெரியாது, என் அம்மாவுக்குத் தெரியாது. சூப்பர்வைசரிடம் நான் சொன்னது "போறேன் சார்" என்ற ரெண்டே வார்த்தை. ஏன் அப்படிச் சொன்னேன்? நான்தானே சொன்னேன்? வாய் சொன்னதா நான் சொன்னேனா? வளைவில் தலையை வெளியே நீட்டிப் பின்னால் பார்த்தேன், பெட்டிகள் எல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன, கடைசியில் பின் இன்ஜினின் புகை மரங்களுக்கு மேலே நின்றது. "ட்ரெயின் ஆல்ரைட் அண்ணாச்சி." அவர் கையை உயர்த்தினார்.

கெவி என்றால் எங்கள் பக்கத்தில் குகை. ஆனைக்கெவி என்பது மலையின் பேர், அந்த மலையைக் குடைந்த ரயில் குகைக்கும் அதே பேர் நின்றுவிட்டது, நாங்கள் வெறும் கெவி என்போம். வெள்ளைக்காரன் காலத்தில் இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்துகொண்டு போனார்களாம், இந்தப் பக்கம் ஒரு கூட்டம், மலையாளத்துப் பக்கம் ஒரு கூட்டம், நடுவில் சந்திக்க வேண்டும். பாதி வந்ததும் பாறை பிளந்து தண்ணீர் பாய்ந்தது. அடைத்தால் உடைத்தது, மறுபடி அடைத்தால் மறுபடி உடைத்தது, கூரை விழுந்து ஆட்கள் போனார்கள், மலைக்காய்ச்சலில் அதைவிட அதிகம் பேர் போனார்கள். அப்புறம் மேஸ்திரி கனவில் மலைத்தெய்வம் வந்து சூலி கேட்டதாம். சூலி என்றால் வயிற்றில் பிள்ளை உள்ளவள். கல் சுமந்த பெண்களில் ஒருத்தி அப்படி இருந்தாளாம். பூவும் பொட்டும் வைத்து, புதுச்சேலை உடுத்தி, உள்ளே கூட்டிக்கொண்டு போனார்களாம், போனவள் திரும்பவில்லை, தண்ணீர் நின்றது, கெவி முடிந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதல்முதலாக இந்தக் கதையைச் சொன்னவர் இதே அண்ணாச்சிதான். நாசரேத்துக்காரர், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் மலை வண்டி ஓட்டுகிற நாளெல்லாம் ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து கெவி வாசலில் ஜன்னல் வழியாக வீசுவார். "இயேசு நம்ம வீட்டுக்காரரு தாயி. இவ வழியில இருக்கவ. வழியில இருக்கவளுக்கு வழியில செய்யுத மரியாத." எல்லாக் குகை வாசலிலும் ஹாரன் அடிக்க வேண்டும் என்பது விதி. இங்கே அடிக்கிற ஹாரன் அவளுக்கு, நாங்க வாரோம் விலகிக்கோ என்று கேட்டுக்கொள்வது என்பார்கள். உள்ளே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும் என்பார்கள். முழுகாமல் இருக்கிறவள் கெவியைத் தாண்டினால் அவள் தன் பிள்ளைக்கு ஈடாக அந்தப் பிள்ளையை எடுத்துக்கொள்வாள் என்பார்கள். என்பார்கள், என்பார்கள். சொன்னது யார் என்று தேடினால் ஆள் கிடைக்காது. தண்டவாள இணைப்பு ஒவ்வொன்றிலும் சக்கரம் இரண்டு தட்டுத் தட்டியது, சூலி, சூலி என்று கேட்டது, இல்லை வெறும் இரும்பு, இரும்புக்கு என்ன தெரியும், சூலி, சூலி.

போன தடவையும் இப்படித்தான் போனேன், அப்போது எனக்கே தெரியாது உள்ளே ஒன்று இருப்பது. தெரிந்ததும் போய்ச் சொன்னேன், நாற்காலி கொடுத்தார்கள். ஆபீஸ் நாற்காலி, பச்சை ரெக்சின், ஒரு கை ஆடும். யார் எந்த வண்டிக்கு என்று போனில் சொல்லுகிற வேலை. எல்லோரும் அன்பாக இருந்தார்கள், கேண்டீன் பையன் எனக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போடுவான். நாலாம் மாசம் ஒரு மத்தியானம், நான் போனில் யாரோ ஒருவரிடம் சொல்லுங்க சார், சொல்லுங்க என்று கேட்டுக்கொண்டிருக்கும்போது முதுகில் ஒரு வலி கிளம்பியது. அவ்வளவுதான். அசையாத நாற்காலியில், மின்விசிறிக்கு அடியில், குடித்து முடிக்காத டீக்குப் பக்கத்தில் வைத்துத்தான் போனது. டாக்டரம்மா நல்லபடியாகச் சொன்னார், இது உன்னால் இல்லை, இன்ஜினால் இல்லை, சில கரு இப்படித்தான் நிற்காது, அடுத்தது நிற்கும் என்று. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தை என் தலையைத் தடவிக்கொண்டே உலகநாதனிடம் மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது, "கெவிக்குள்ள போனாள்லா, அப்பவே அவ கண்ணு பட்டுட்டு." அத்தை கெட்டவள் இல்லை. எனக்காக அழுதவள். அவளுக்கும் யாரையாவது சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலியைச் சொல்ல முடியாது, நாற்காலிக்குக் கதை கிடையாது. அதற்கப்புறம் நாலைந்து நாள் கழித்து நெஞ்சு கனத்து, பால் கசிந்து ஜாக்கெட் நனைந்தது. இது ஏன் என்று யாரிடம் கேட்பது. பிள்ளை இல்லை என்பதை உடம்புக்கு யாரும் சொல்லவில்லை போல. குளியலறையில் நின்று பிழிந்து தண்ணீரோடு விட்டேன், வெளியே அத்தை கதவைத் தட்டி, "என்னம்மா இவ்வளவு நேரம்" என்று கேட்டாள், "தலைக்கு ஊத்துதேன் அத்தை" என்றேன். இந்த ஒன்றை உலகநாதனிடம்கூடச் சொல்லவில்லை. நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தேன். மலை ஏற ஏற, நினைக்கக் கூடாததாகப் பார்த்து மேலே வருகிறது.

தேக்கு மரங்கள் முடிந்து மூங்கில் வந்தது, மூங்கில் வந்தால் கெவி பக்கம். ஈட்டிமூடு என்பது கெவியைத் தாண்டியதும் வருகிற மலையாளத்து ஸ்டேஷன், அங்கே ஒரு தடவை வண்டி வெகுநேரம் நின்றபோது பிளாட்பாரத்தில் பழம் விற்கிற அம்மாவிடம் இந்தக் கதையைக் கேட்டேன். அவளும் அதே கதையைத்தான் சொன்னாள், பாறை, தண்ணீர், கனவு, சூலி. ஒன்றே ஒன்றுதான் மாறியிருந்தது. எங்கள் பக்கத்தில் அவள் ஒரு மலையாளத்துப் பெண், யாரென்று தெரியாது என்பார்கள். அந்த அம்மா, "அவள் ஒரு பாண்டிக்காரியாயிருந்நு, ஆரெந்நு அறியில்ல" என்றாள், பாண்டிக்காரி என்றால் அவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பெண். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. கொன்ற இடம் தெரியும், எதற்குக் கொன்றார்கள் என்று தெரியும், உடுத்திய சேலையின் நிறம்கூடச் சிலர் சொல்வார்கள், அவள் எந்த ஊர் என்று கேட்டால் மட்டும் ஒவ்வொரு ஊரும் கையை எதிர்ப்பக்கம் நீட்டுகிறது. ஒருவேளை அப்படி ஒருத்தி இருந்திருக்கவே மாட்டாள். காய்ச்சலிலும் கல் விழுந்தும் செத்தவர்கள் எத்தனையோ பேர், அத்தனை பேரையும் நினைத்துக்கொண்டிருக்க முடியாமல் ஒருத்தியாக ஆக்கிவைத்திருப்பார்கள். அப்படியானால் நான் இல்லாதவளுக்கா பயப்படுகிறேன்? இல்லாதவளா என் ஜாக்கெட்டை நனைத்தாள்? காலையில் போறேன் சார் என்று வாய் ஏன் சொன்னது என்று இப்போது லேசாகப் பிடிபட்டது. இன்றைக்குக் கெவிக்குப் பயந்து சொல்லியிருந்தால், போன பிள்ளையைக் கெவிதான் எடுத்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன் என்றும் ஆகும். அதை ஒப்புக்கொண்டுவிட்டு நான் எப்படி இருப்பது? ஆனால் பிடிவாதத்துக்காக இந்தப் பிள்ளையை வைத்துச் சூதாடுகிறாயா என்று மறுகுரல் கேட்டது. ஹாரன் அடிக்கச் சொல்லும் போர்டு வந்தது. அண்ணாச்சி ஹாரனை அழுத்தினார், நீளமாக, மலை அதைத் திருப்பிக் கொடுத்தது. பிச்சிப்பூ ஜன்னல் வழியாகப் பறந்தது. கருங்கல் வளைவு எங்கள் மேல் வந்து கவிந்தது, வெளிச்சம் துணியை உருவினமாதிரி உருவிக்கொண்டு போனது.

உள்ளே முதலில் வருவது குளிர், அப்புறம் வாசனை. ஈரக்கல்லும் டீசல் புகையும் கலந்த வாசனை, இப்போது எனக்கு எந்த வாசனையும் ஆகாது, பல்லைக் கடித்துக்கொண்டேன். பின் பெட்டிகளிலிருந்து பிள்ளைகள் ஓவென்று கத்துவது கேட்டது, குகை வந்தால் கத்துவது அவர்கள் வழக்கம், அது ஒரு ஆறுதலாக இருந்தது. முன் விளக்கின் வெளிச்சத்தில் தண்டவாளம் இரண்டும் எண்ணெய் தடவியதுபோல மின்னின. ரெண்டு நாள் மழை, கூரையிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. நடுக் கெவியைத் தாண்டியிருப்போம், சக்கரம் பிடி விட்டது. கால் வழுக்கின மாடுமாதிரி இன்ஜின் ஒரு உலுக்கு உலுக்கியது, வேகம் இல்லாமல் சக்கரம் மட்டும் சுற்றுகிற சத்தம், அண்ணாச்சி விசையைக் குறைத்தார், பிடிப்புக்காகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழவைக்கிற பொத்தானை மிதித்தார், மறுபடி கூட்டினார், மறுபடி வழுக்கியது. "மண்ணு விழல. ஈரத்துல குழாய் அடச்சிட்டு போல." வாக்கி டாக்கியில் ஸ்ரீகண்டன் என்னவோ கத்தினார், பாதி கேட்டது. அண்ணாச்சி பிரேக்கை இறுக்கினார். ரயில் நின்றது. பிள்ளைகளின் கத்தலும் அதோடு நின்றது, அதுதான் எனக்கு முதலில் உறைத்தது.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். இன்ஜினை விட்டு அவர் இறங்கக் கூடாது. இறங்க வேண்டியவள் நான். "வாளியில காஞ்ச மண்ணு இருக்கு தாயி. சக்கரத்துக்கு முன்னால ரெண்டு பக்கமும் தூவிட்டு, குழாயத் தட்டி விட்டுட்டு ஓடியா. நெறைய நேரம் நிக்கப்பிடாது, புகை அடைக்கும்." அப்புறம் என்ன தோன்றியதோ, "பயமா இருக்கா? ஜெபம் பண்ணிட்டு எறங்கு" என்றார். அந்த இடத்திலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் என்ன செய்வார், பின்னால் இருந்து கார்டு நடந்து வரும்வரை காத்திருப்பார், புகைக்குள் அத்தனை சனமும் இருமிக்கொண்டிருக்கும். இல்லை, காரணம் அதுவும் இல்லை. "இல்ல அண்ணாச்சி, எறங்குதேன்" என்றேன். டார்ச்சைக் கழுத்தில் மாட்டி, வாளியை ஒரு கையிலும் கம்பியை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு, படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினேன். என் கால்களை நான் இவ்வளவு கவனமாகப் பார்த்து நாளாகிவிட்டது.

ரயிலில் இருந்துகொண்டு பார்க்கிற கெவி வேறு, உள்ளே நிற்கிற கெவி வேறு. சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. டார்ச் அடித்தால் கல்லெல்லாம் உளிக்கொத்து, ஒரு சாண் இடம் வெறுமையாக இல்லை, ஒவ்வொரு கொத்தும் ஒருவன் ஓங்கின கை. இது தெய்வம் வழிவிட்ட மலை இல்லை, கை வலிக்க வலிக்கக் கொத்தின மலை. மண்ணைத் தூவினேன், வலப்பக்கம், குனிந்து, மூச்சை அடக்கி. குழாயை இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரால் தட்டினேன், சேறாகக் கட்டி விழுந்தது. இடப்பக்கம் போகச் சுற்றியபோது சுவரில் ஒரு மாடம் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, மஞ்சள், உடையாத கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும். பாதை பார்க்கிற பெண்கள் வைத்ததாக இருக்கும். அதற்குக் கீழே கல் இடுக்கிலிருந்து வெள்ளையாக ஒழுகி வழிந்து உறைந்திருந்தது, தரைவரைக்கும். சுண்ணாம்புதான், காரை கரைந்து வருகிறது என்று ரயில்பாதை இன்ஸ்பெக்டர் ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் ஊரில் சொல்வது அவள் பால் என்று. பிள்ளை இல்லாமல் போனதால் நூறு வருஷமாகக் குடிக்க ஆளில்லாமல் ஒழுகுகிறது என்று. பால் சுரக்காத தாய்மாருக்குத் தொட்டு வைக்க அந்தத் தண்ணீரைப் பாதை பார்க்கிறவர்களிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போவார்களாம். இதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், கேட்டுச் சிரித்திருக்கிறேன். இப்போது டார்ச் வெளிச்சம் அந்த வெள்ளையில் விழுந்து நின்றது, என் நெஞ்சு சீருடைக்குள் சுருக்கென்று இறுகியது. அந்த நேரம் பார்த்துத்தான் பிள்ளை அழுதது.

மெல்லிய அழுகை. கெவியின் இரண்டு சுவரிலும் பட்டு எங்கிருந்து என்று தெரியாமல் வந்தது. ஓடு என்றது கால், நில் என்றதும் கால்தான். வாளியை விடவில்லை, அது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு அழுகைக்கு நடுவில் ஒரு இருமல் கேட்டது, பெரியவர்கள் இருமல், அதைத் தொடர்ந்து "ச்சூ, ச்சூ, ஒண்ணுமில்லடா தங்கம்" என்று ஒரு குரல். முதல் பெட்டியின் முதல் ஜன்னல். டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு இன்ஜினை ஒட்டியே பின்னால் நடந்து போனேன். ஒரு சின்னப் பெண், என்னைவிடச் சின்னவள், முந்தானையால் பிள்ளையின் மூக்கை மறைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். என் சீருடையைப் பார்த்ததும் "ஏன்க்கா நின்னுட்டு? எதும் ஆயிட்டா?" என்றாள்.

"ஒண்ணும் ஆகல. தண்டவாளம் ஈரமா இருக்கு, சக்கரம் வழுக்குது. மண்ணு போட்டாச்சு, இப்பக் கெளம்பிரும். ஜன்னல் கண்ணாடிய எறக்கி விட்டுக்கோ, புகை வரும்."

"எறங்க மாட்டேங்குக்கா, இறுகிக் கெடக்கு."

வாளியை வைத்துவிட்டு வெளியிலிருந்து எட்டிக் கண்ணாடியைப் பிடித்து இழுத்தேன், அவள் உள்ளேயிருந்து ஒரு கையால் அழுத்தினாள், கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முழுவதும் மூடுவதற்கு முன்னால், "நீங்க ஒத்தையிலயா எறங்கி நிக்கீங்க? இந்த எடத்துலயா?" என்று கேட்டாள். "ஆமா" என்றேன். "எங்க மாமியா சூலி கதையச் சொல்லி, பிள்ளைய வயித்துல வச்சிக்கிட்டு இந்தப் பக்கமே வரக்கூடாதுன்னாவ. ஒம்போது மாசமும் எங்க அம்மாவப் பாக்காம ஈட்டிமூட்டுலயே கெடந்தேன்க்கா. இப்பத்தான் கூட்டிட்டுப் போயி மொகத்தக் காட்டிட்டு வாரேன்." கண்ணாடி மூடியது. பிள்ளை அழுவதை நிறுத்திவிட்டு டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தது.

நான் திரும்பி இடப்பக்கச் சக்கரத்துக்கு மண் தூவினேன். ஒம்போது மாசம் அம்மாவைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள், இந்தக் கதைக்காக. என் அத்தை அழுதாள், இந்தக் கதைக்காக. மாடத்தையும் அந்த வெள்ளையையும் இன்னொரு தடவை பார்த்தேன். நீ இருந்தாயோ இல்லையோ, இருந்திருந்தால் பிள்ளையைப் பறிகொடுத்தவள் நீ. பறித்தவன் மேஸ்திரி, பறிக்கச் சொன்னவன் யாரோ, பார்த்துக்கொண்டு நின்றது அத்தனை பேர். அவர்களைப் பற்றி ஒரு கதையும் இல்லை. உன்னைத்தான் பிள்ளை பிடிக்கிறவளாக ஆக்கி வைத்துவிட்டார்கள். நூறு வருஷமாக எந்த ஊரில் எந்தக் கரு கலைந்தாலும் உன்மேல் போடுகிறார்கள், என்னுடையதையும் போட்டார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு போடவிட்டேன். எனக்கு உன்மேல் பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பிள்ளையை நீ எடுக்கவில்லை. அது எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிந்தது, டாக்டரம்மா சொன்னபோது தெரியாதது. எடுத்தவள் இல்லை நீ, எடுக்கப்பட்டவள். என்னையும் உன்னையும் ஒரே பக்கத்தில்தான் வைக்க வேண்டும். இதையெல்லாம் வாய்விட்டுச் சொன்னேனா என்று தெரியவில்லை, புகை தொண்டையைக் கரித்தது, இருமினேன். கம்பியைப் பிடித்து ஏறினேன். ஏறும்போது வயிற்றில் கை வைத்துக்கொண்டுதான் ஏறினேன், யார் பார்த்தால் என்ன.

"போட்டாச்சு அண்ணாச்சி. குழாயும் விட்டுட்டு." அவர் மெதுவாக விசையைக் கூட்டினார், வாக்கி டாக்கியில் நான் ஸ்ரீகண்டனிடம் தள்ளச் சொன்னேன், சக்கரம் மண்ணைக் கடித்து அரைக்கிற சத்தம், ஒரு வழுக்கல், பிறகு பிடித்துக்கொண்டது. நகர்ந்தோம். தூரத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி, புள்ளி வட்டமாகி, வட்டம் வாசலாகி, மலையாளத்து மழை எங்கள் கண்ணாடியில் வந்து அறைந்தது. அந்தப் பக்கம் வெயில், இந்தப் பக்கம் மழை. பெட்டிகளிலிருந்து பிள்ளைகள் மறுபடி கத்தின. நான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தேன், மூடியை மூடினேன், சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் முழுகாம இருக்கேன்."

அவர் திரும்பவில்லை. பாதையை விட்டுக் கண்ணை எடுக்கிற ஆள் இல்லை அவர். ஆனால் கழுத்து நரம்பு எழும்பியதைப் பார்த்தேன். "எப்பத்துலேந்து?" என்றார். "ரெண்டு மாசம் தாண்டிட்டு." "தெரிஞ்சேவா வந்த?" "தெரிஞ்சுதான்." "ஏளா, ஒனக்குக் கிறுக்கா? முன்னமே ஒரு வார்த்த சொல்லப்பிடாதா? ஒன்னய நானா கெவிக்குள்ள எறக்கி விட்டேன்? கர்த்தரே, என் கையால..." அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் அவர் குரல் உடைந்து நான் கேட்டதில்லை. போன தடவை நடந்ததும் அவருக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக்கொண்டு வந்தவர். எனக்கு அவர்மேல் பரிதாபமாக இருந்தது. அவரும் இனிமேல் என்ன நடந்தாலும் தன்னால் என்று சுமப்பார், இந்தக் கதைக்குள் வந்தவர் எல்லோரும் எதையாவது சுமக்க வேண்டியிருக்கிறது.

"அண்ணாச்சி, ஒண்ணு கேக்கேன். அந்தக் கதையில அவ தானாப் போனாளா, கூட்டிட்டுப் போனாவளா?"

அவர் மழையைத் துடைக்கிற வைப்பரின் வேகத்தைக் கூட்டினார். "கூட்டிட்டுத்தான் போனாவ" என்றார்.

"நீங்க என்னய எறக்கி விடல. நான் தானா எறங்குனேன். தானா ஏறியும் வந்துட்டேன். நாளைக்கு என்ன நடந்தாலும் அவளையும் சொல்லாதீய, ஒங்களையும் சொல்லாதீய."

அவர் முன் கண்ணாடி கலங்கியிருக்கிறதென்று புறங்கையால் துடைத்தார், கண்ணாடி கலங்கியிருக்கவில்லை.

ஈட்டிமூட்டில் பின் இன்ஜினைக் கழற்றுவார்கள், அதற்கு நேரமாகும். நான் மழையில் நனைந்துகொண்டே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குப் போய் எங்கள் ஆபீசுக்கு ஒரு போன் போட வேண்டும் என்றேன். காலையில் என்னை அனுப்பிய அதே சூப்பர்வைசர்தான் எடுத்தார். "சார், ஆவுடைச்செல்வி பேசுதேன். நான் கர்ப்பமா இருக்கேன். இந்த வண்டியக் கொல்லத்துல கொண்டு சேத்துட்டுத் திரும்பிப் பயணியா வாரேன். நாளையிலேந்து எனக்கு இன்ஜின் போடாதீங்க." அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. "ஐயோ, காலைல சொல்லிருக்கலாமேம்மா... நீ இப்ப எங்க நிக்க? கெவிக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா?" அவர் குரலில் இருந்த பதற்றம் எனக்குப் புரிந்தது, அவரும் எங்கள் ஊர்க்காரர்தான், அவருக்கும் அந்தக் கதை தெரியும். வாசலில் மழை கனத்துப் பெய்துகொண்டிருந்தது. முதல் பெட்டியிலிருந்து அந்தச் சின்னப் பெண் பிள்ளையோடு இறங்கி, குடை பிடித்த யாரோ ஒருவனோடு போய்க்கொண்டிருந்தாள். "தாண்டிட்டேன் சார்" என்றேன். "உள்ள எறங்கி வேலயும் பாத்துட்டேன். நல்லா இருக்கேன்." போனை வைத்தபிறகுதான், காலையிலிருந்து எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த அந்த நல்லா இருக்கேன் இந்த முறை பொய்யாக இல்லை என்று தெரிந்தது. பயம் இருந்தது. அதுபாட்டுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, இன்ஜினுக்குத் திரும்ப நடந்தேன்.